இங்கே புயல் நுழையக்கூடாது

2001 டிசம்பர் 27, வியாழக்கிழமை மாலை நாலரை மணி வாக்கில், பாடப்புத்தகம் எதையும் புரட்டிப் பார்க்காத ஒரு புயல் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தென்கிழக்குக் கரையில் ஏறியது. பெயர் வாமெய். பிறந்த இடம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே, தென்சீனக் கடலின் தெற்கு மூலை. நிலநடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஐந்து டிகிரி, அந்தப் பக்கம் ஐந்து டிகிரி, இதற்குள் புயல் பிறக்காது என்று வானிலை வகுப்பில் ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஜொகூர்க்காரர்களுக்கு வகுப்புக்குப் போகாமலே இது தெரியும். வெள்ளம் உண்டு, இடி உண்டு, செம்பனை மரத்தைச் சாய்க்கிற காற்றுகூட எப்போதாவது உண்டு. புயல் என்பது பிலிப்பைன்ஸ்காரனுக்கும் மெட்ராஸ்காரனுக்கும் எழுதி வைத்தது.

இந்தத் தடை உத்தரவில் கையெழுத்துப் போட்டது யார் என்று தேடிப் போனால், முந்நூற்றைம்பது வருட நீளத்துக்கு ஒரு வரிசை நிற்கிறது. அதில் பாதிப் பேருக்கு வானிலையைப் பற்றி அக்கறையே கிடையாது.

வரிசையின் முன்னால் நிற்பவர் இத்தாலியப் பாதிரியார் ரிச்சியோலி. பூமி சுற்றுகிறது என்றால், வடக்கு நோக்கிச் சுட்ட பீரங்கிக் குண்டு குறியிலிருந்து கொஞ்சம் விலகி விழ வேண்டும் என்று 1651இல் எழுதினார். அப்படி விழுவதாகத் தெரியவில்லை, ஆகவே பூமி சுற்றவில்லை என்று முடித்தார். யோசனை அபாரம், விடை மட்டும் தப்பு. அந்தக் காலத்துப் பீரங்கி, வாசலைக் குறிவைத்தால் கோட்டையில் எங்காவது படும். அதை வைத்துக்கொண்டு விண்வெளி விவகாரத்தைத் தீர்க்கப் பார்த்தார் மனிதர். எந்த விலகலை அவர் தேடினாரோ அதற்குப் பெயர் கொடுக்கப்போகிற கொரியோலிஸ் பிறக்க இன்னும் 141 வருடம் இருந்தது.

அடுத்தவர் வால்நட்சத்திரப் புகழ் எட்மண்ட் ஹாலி. 1686இல் கடற்காற்றுகளுக்கு ஒரு வரைபடம் போட்டார். நம் பருவக்காற்றும் அதில் உண்டு. நிலநடுக்கோட்டுப் பக்கம் காற்று ஏன் கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது என்ற கேள்விக்கு, சூரியன் மேற்கே போகிறது, காற்றும் பின்னாலேயே போகிறது என்கிற மாதிரி ஒரு விளக்கம் சொன்னார். பெரிய மனிதர் சொல்லிவிட்டார், ஐம்பது வருடம் ஓடிவிட்டது.

1735இல் ஜார்ஜ் ஹாட்லி என்ற லண்டன் வக்கீல் எழுந்து நின்றார். கட்சிக்காரர் யாரும் இல்லாத நாளாக இருந்திருக்க வேண்டும். அவர் வாதம் இது. நிலநடுக்கோட்டில் நிற்கிறவன் சும்மா நின்றாலும் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறான், ஏனென்றால் தரை போகிறது. வடக்கே போகப் போக வட்டம் சிறுக்கிறது, தரையின் வேகமும் குறைகிறது. ஆகவே தெற்கிலிருந்து வடக்கே போகிற காற்று பழைய வேகத்தைச் சுமந்துகொண்டு தரையை முந்தும், அதாவது வலப்பக்கம் திரும்பும். வடக்கிலிருந்து தெற்கே வருகிற காற்று பின்தங்கி மேற்கே சாயும். அதுவும் வலப்பக்கம்தான். வழக்கு முடிந்தது. ஆனால் ஹாட்லி போட்ட கணக்கில் விலகல் இருக்க வேண்டியதில் பாதிதான் வந்தது. காற்று தன் வேகத்தையல்ல, கோண உந்தத்தைத்தான் காப்பாற்றிக்கொள்ளும் என்பதை அவர் கவனிக்கவில்லை. பாதி தீர்ப்பு வாங்கினாலும் வென்றதாகச் சொல்லிக்கொள்வது அந்தத் தொழிலில் புதிதல்ல. அவர் பெயர் ஹாலியின் பெயரோடு குழம்பிப்போய், ஊரெல்லாம் புகழை ஹாலிக்கே கொடுத்தது தனிச் சோகம்.

ஹாட்லியின் கணக்கை ஜொகூரில் வைத்துப் பார்த்தால் விஷயம் பட்டென்று விளங்கிவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து சென்னை வரை போனால் தரையின் வேகம் மணிக்கு 43 கிலோமீட்டர் குறைகிறது. ஜொகூரின் கோத்தா திங்கி வரை போனால் குறைவது முக்கால் கிலோமீட்டர். முக்கால் கிலோமீட்டர் வேக வித்தியாசத்தை வைத்துக்கொண்டு காற்று எங்கே திரும்ப? திரும்பலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் சுமத்ரா வந்துவிடும்.

பிரான்சில் லாப்லாஸ் 1770களில் கடல் ஏற்றவற்றத்துக்குச் சமன்பாடுகள் எழுதியபோது, இந்த விலகல் விசையை முழுசாக, சரியாக உள்ளே போட்டுவிட்டார். நியாயமாகப் பார்த்தால் இது லாப்லாஸ் விசை. ஆனால் லாப்லாஸைப் படிப்பதற்கு இன்னொரு லாப்லாஸ் வேண்டும். எனவே பெயர், அறுபது வருடம் கழித்து வந்த காஸ்பார் கொரியோலிஸுக்குப் போனது. 1835இல் அவர் எழுதிய கட்டுரை தண்ணீர்ச் சக்கரம் மாதிரி சுழலும் இயந்திரங்களைப் பற்றியது. அதில் காற்று இல்லை, கடல் இல்லை, பூமியே இல்லை. அதே வருடம் அவர் இன்னொரு புத்தகமும் வெளியிட்டார், பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதம் பற்றி. ஒரு கையில் சக்கரம், மறு கையில் பில்லியர்ட்ஸ் கோல். உலகத்துப் புயல்களெல்லாம் தன் பெயரைச் சொல்லித்தான் சுற்றப்போகின்றன என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால், ஆட்டத்தைக் கெடுக்காதே தள்ளிப்போ என்றிருப்பார்.

பிறகு வந்தவர்களை வேகமாகவே கடந்துவிடலாம். பூக்கோ 1851இல் பாரிஸ் பாந்தியோனில் 67 மீட்டர் கம்பியில் ஊசலைத் தொங்கவிட்டுப் பூமி சுற்றுவதைக் கண்ணால் காட்டினார். பாரிஸில் அந்த ஊசல் ஒரு சுற்றுத் திரும்ப ஒன்றரை நாள்கூட ஆகாது. ஜொகூர் பாருவில் தொங்கவிட்டிருந்தால் 38 நாள் ஆகியிருக்கும். பார்க்க வந்தவர்கள் இரண்டாம் நாளே சீட்டுக் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் வில்லியம் ஃபெரல் என்ற பண்ணைப் பையன், காகிதம் கிடைக்காமல் கொட்டகைக் கதவில் வைக்கோல் வாரும் முள்கரண்டியால் வடிவியல் படம் கீறிப் படித்தவர். பள்ளி ஆசிரியரானபின் 1856இல் காற்றுக்கும் கடல் நீரோட்டத்துக்கும் பூமியின் சுழற்சியைச் சேர்த்து ஒழுங்கான விளக்கம் எழுதினார். அது வெளிவந்த இடம் நாஷ்வில் மருத்துவ, அறுவைசிகிச்சை இதழ். குடலிறக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் உலகத்தின் காற்று மண்டலம். எந்த டாக்டர் படித்து என்ன மருந்து எழுதினாரோ.

மறு வருடமே ஹாலந்தில் பய்ஸ் பாலட் ஒரு விதி சொன்னார். அதற்கு முன்னால், ஒலியின் சுருதி மாறுகிறதா என்று சோதிக்க ரயிலில் எக்காளம் ஊதுகிறவர்களை ஏற்றி ஓடவிட்டவர் இவர்தான், 1845இல். இவர் விதிப்படி, பூமியின் வட பாதியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். அருமையான விதி. ஜொகூரில் நின்று முதுகைக் காட்டினால் முதுகு நனையும், அவ்வளவுதான். நிலநடுக்கோட்டை நெருங்கினால் இந்த விதி வேலை செய்யாது.

நம்மவர் ஒருவர் இல்லாமல் இந்த வரிசை முடியாது. சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், சுப்ரமணியன் சந்திரசேகர். நட்சத்திரங்களில் புகழ்பெற்ற அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு துறையில் சில வருடம் இறங்குவார், தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம் எழுதுவார், கதவைச் சாத்திவிட்டு அடுத்த துறைக்குப் போய்விடுவார். 1950களில் அவர் இறங்கியது சுழலும் திரவங்களில். அடியில் சூடேற்றிய திரவப் படலத்தைச் சுழற்றினால் என்ன ஆகும் என்று 1953இல் கணக்குப் போட்டார். அது புரளத் தொடங்க, சுழற்றாததைவிட அதிகச் சூடு வேண்டும் என்று விடை வந்தது. சுழற்சி திரவத்தை விறைப்பாக்கி அடக்கி வைக்கிறது. சுழற்சி என்றாலே கொந்தளிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது எதிர்ப்பாட்டு. அதே சிகாகோவில் டேவ் ஃபுல்ட்ஸ் என்பவர் பாத்திரம் கழுவும் தொட்டி போன்ற ஒன்றில் தண்ணீரைச் சுழற்றி, விளிம்பில் சூடேற்றி, பூமியின் வானிலையைத் தொட்டிக்குள் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருந்தார். சந்திரசேகரின் கணக்கைப் பாதரசத்தை வைத்துச் சோதித்தவர்களில் அவரும் ஒருவர். 1961இல் சந்திரசேகரின் தலையணை வந்தது. கதவும் சாத்தப்பட்டது.

ஆக இத்தனை பேர் சேர்ந்து கடைசியில் கொடுத்தது ஒரே ஒரு குட்டிச் சூத்திரம்: இரண்டு, பெருக்கல் பூமியின் சுழல்வேகம், பெருக்கல் அட்சரேகையின் சைன். வம்பெல்லாம் அந்த சைனில்தான். நிலநடுக்கோட்டில் அது பூச்சியம். ஜொகூரின் ஒன்றரை டிகிரியில் 0.026. சென்னையில் 0.226, அதாவது ஜொகூரைப்போல எட்டரை மடங்கு.

புயலைச் சுழற்சி வியாபாரம் என்று வைத்துக்கொண்டால், இந்த எண்தான் பூமி கொடுக்கும் முதல். கடல் சூடு, ஈரம், இடிமேகம் எல்லாம் வட்டியைப் பெருக்குகிற சமாசாரங்கள். சுற்றியுள்ள காற்று மையத்தை நோக்கிக் குவியக் குவிய, இருக்கிற சுழற்சி பன்மடங்காகும். ஆனால் முதலே இல்லாதவனுக்கு வட்டி எங்கிருந்து வரும்? முதல் இல்லாத இடத்தில் ஒரு தாழ்வழுத்தம் உண்டானால், காற்று வலப்பக்கம் திரும்பாமல் நேராக ஓடிவந்து பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. கடை திறந்த அன்றே மூடப்படுகிறது. விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் போகும் காற்றை ஜொகூரின் முதலை மட்டும் நம்பித் திரும்பச் சொன்னால், அது போடுகிற வட்டத்தின் ஆரம் சுமார் 2,600 கிலோமீட்டர். கிட்டத்தட்டச் சென்னை வரைக்கும் போய்வரும் வளைவு. அதே காற்று சென்னையில் 300 கிலோமீட்டரில் வளைந்துவிடும்.

இதிலிருந்துதான் ஐந்து டிகிரி என்ற வேலி வந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், சூத்திரத்தில் எந்த இடத்திலும் ஐந்து என்ற எண் கிடையாது. புயல் பிறந்த இடங்களைப் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார்கள், ஐந்துக்குள் புள்ளிகள் மிக அபூர்வம், ஒரு கோடு போட்டார்கள். அனுபவக் கோடு நாளடைவில் இயற்கை விதியாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது. அரசாங்க அலுவலகத்தில் தற்காலிக ஏற்பாடாக வந்த நாற்காலி நிரந்தரமாவதற்கும் இதே காலம்தான் பிடிக்கும். இத்தனைக்கும் வேலியின் ஓரத்தில் என்ன நடக்கும் என்று தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைத் தின்ற புயல், அந்தமானுக்குத் தெற்கே சரியாக அந்த ஐந்து டிகிரிப் பக்கத்தில்தான் உருவெடுத்தது. பூமி கொடுத்த முதல் சொற்பம், போகிற வழியில் சேர்த்துக்கொண்டது ஏராளம். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குக் கை வரவில்லை. மேலே போவோம்.

வாமெய் வேலிக்கு ஓரத்தில் அல்ல, நட்டநடு வீட்டுக்குள் பிறந்தது. பூமி முதல் கொடுக்கவில்லை என்றால் கடன் கொடுத்தது யார்? வடக்கே இருந்து வந்தவர்தான். டிசம்பர், ஜனவரியில் சைபீரியா, சீனப் பக்கத்துக் குளிர்காற்று அவ்வப்போது ஒரு பாய்ச்சலாகத் தென்சீனக் கடல் வழியே கீழே இறங்கும். கிழக்கே போர்னியோ, மேற்கே மலாயா, நடுவில் குறுகலான கடல். 2001இல் வந்த பாய்ச்சல் பலமானது, வந்தால் போகவும் மாட்டேன் என்கிற ரகம். இப்படிப் பாய்கிற காற்றின் இடப்பக்கத்தில், வேகக் காற்றுக்கும் சோம்பல் காற்றுக்கும் நடுவில், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஒரு முறுக்கு தானாக ஏறும். அதற்குப் பூமியின் தயவு தேவையில்லை. பூமி கொடுக்காத முதலை வடகாற்று மொத்தமாகக் கையில் திணித்தது. மூவார் செட்டியார்கூடப் பத்திரத்தில் கையெழுத்து வாங்காமல் இவ்வளவு கொடுத்திருக்க மாட்டார்.

கடன் மட்டும் போதாது, கடை போட ஆள் வேண்டும். குளிர்காலத்தில் போர்னியோவின் வடமேற்கே ஒரு சோனிச் சுழல் அடிக்கடி தலைகாட்டும். பெரும்பாலும் அது தரையை ஒட்டியே கிடக்கும், மழை கொடுக்கும், போகும். அந்த டிசம்பரில் அது எழுந்து கடலுக்கு நகர்ந்து, குறுகலான தண்ணீரின் நடுவே நான்கு நாள் உட்கார்ந்துவிட்டது. கீழே வெதுவெதுப்பான கடல், பக்கத்தில் விடாத குளிர்காற்று. 26ஆம் தேதி கிறிஸ்துமஸ் பலகாரம் தீர்வதற்குள் அது புயல் ஆகிவிட்டது.

யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சி அமெரிக்கக் கடற்படை. கார்ல் வின்சன் விமானந்தாங்கிக் கப்பல் அணி அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நிலநடுக்கோட்டுக் கடல், புயல் பயமில்லை, நிம்மதியான பயணம். இரண்டு கப்பல்கள் நேராகப் புயலின் கண்ணைச் சுற்றி நிற்கும் கண்சுவருக்குள் போய் மாட்டின. சில கப்பல்களுக்குச் சேதம். அவை பதிவு செய்த காற்றை வைத்துத்தான், கடற்படையும் சேர்ந்து நடத்துகிற அமெரிக்க எச்சரிக்கை மையம், மணிக்கு 140 கிலோமீட்டர், இது தைபூன் என்று அறிவித்தது. ஜப்பான் வானிலை முகமை, 85 கிலோமீட்டர்தான், வெறும் வெப்பமண்டலப் புயல் என்று மார்க் குறைத்தது. இந்தத் தகராறு இன்னும் தீரவில்லை. அடி வாங்கியவன் பலமான அடி என்கிறான், தூரத்திலிருந்து பார்த்தவன் இலேசாகத்தான் பட்டது என்கிறான்.

புயல் சிங்கப்பூருக்கு ஐம்பது கிலோமீட்டர் வடகிழக்காக ஒதுங்கி ஜொகூரில் கரையேறியது. 1962 ஒப்பந்தப்படி ஆயிரம் காலன் மூன்று காசுக்குச் சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொடுக்கிற மாநிலத்துக்கு அன்று தண்ணீர் இலவசம். வேடிக்கை அதோடு சரி. ஜொகூரிலும் பக்கத்து மாநிலமான பகாங்கிலும் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது, ஐந்து உயிர்கள் போயின. டிசம்பர் மழைக்குப் பழகிய ஊர் என்பதால், அது புயல் என்பது பலருக்கு மறுநாள் செய்தியில்தான் தெரிந்தது. வாமெய் அதற்குள் சுமத்ராவைத் தாண்டி, வங்காள விரிகுடாவில் மறுபடி கொஞ்சம் மூச்சுப் பிடித்து, புத்தாண்டோடு அடங்கியது.

பிறகு விசாரணைக் கமிஷன். கலிபோர்னியாவின் மான்டரேயில், அமெரிக்கக் கடற்படையின் முதுகலைக் கல்லூரியில் இருந்த சி.பி. சாங்கும், லியு, குவோ என்ற இருவரும் 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாட்டிய கப்பலும் கடற்படை, மார்க் போட்டதும் கடற்படை, விளக்கம் சொன்னதும் கடற்படை. பாய்ச்சல் எத்தனை முறை வரும், போர்னியோச் சுழல் எத்தனை முறை கடலுக்கு வரும், வந்தால் எத்தனை நாள் தங்கும் என்று பழைய குளிர்காலங்களை அலசி, இம்மாதிரி ஒன்று நூறிலிருந்து நானூறு வருடத்துக்கு ஒருமுறை நடக்கலாம் என்றார்கள். நூறா நானூறா என்று கேட்டால், ஜொகூர் சுல்தானகமே ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்ததுதான் என்பதை நினைவில் வைக்கவும். அதன் ஆயுளில் ஒருமுறையும் நடந்திருக்கலாம், ஐந்து முறையும் நடந்திருக்கலாம். பழைய ஏடுகளில் பார்க்கலாம் என்றால், எந்த எழுத்தனும் ஆற்றங்கரையில் மழைக்காலத்து ராத்திரியில் காற்றின் சுழற்சித் திசையைக் குறித்து வைத்திருப்பான் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

கணிதத்தின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மொத்தச் சுழற்சி என்பது பூமியின் பங்கும் காற்றின் சொந்தப் பங்கும் கூட்டியது என்று சமன்பாடு ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பங்கு குறைந்தால் மற்றது ஈடுகட்டலாம் என்பதற்கு அதில் இடமும் இருந்தது. கூட்டலில் இரண்டாவது எண்ணைப் படிக்காமல் விட்டுவிட்டு வேலி கட்டியது மனிதர்கள். வாமெய் சமன்பாட்டின் ஒரு எழுத்தைக்கூட மீறவில்லை.

அந்தப் பெயரைக் கொடுத்தது மக்காவ், அது ஒரு பாடும் பறவை. புயல் போனபின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இவ்வளவு பெயர் வாங்கிய ஒன்றை இன்னொன்றுக்கு வைக்கமாட்டார்கள். வாமெய்க்குக் கட்டுரைகள் குவிந்தன, மாநாடுகள் நடந்தன, கணினியில் அதைத் திரும்பத் திரும்பப் பிறக்கவைத்துப் பார்த்தார்கள்.

ஐந்து வருடம் கழித்து, 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இரண்டு தவணையாக மழை கொட்டி ஜொகூரை மூழ்கடித்தது. கோத்தா திங்கியில் ஆறு கடைத்தெருவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களில் இருந்தார்கள். அதற்குக் கண் இல்லை, கண்சுவர் இல்லை, ஜொகூரின் மேல் எதுவும் சுழலவில்லை. வருடா வருடம் வருகிற வடகிழக்குப் பருவமழைதான், கொஞ்சம் கை மீறி. பெயர் வைக்கக் கமிட்டி இல்லாததால், கோத்தா திங்கியில் அந்த வருஷத்து வெள்ளம் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. எந்த வருஷம் என்று கேட்டால் சண்டை வந்துவிடும்.